கைப்பேசியின் ஏரியலும் கம்பெனியின் பதிலும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது கைப்பேசிக்குள் இருக்கும் ஏரியலைப் பற்றி. "கைப்பேசியில் ஏரியல் ஏது? அது கூரைமேல் தொலைக்காட்சிக்குக் கட்டியதல்லவா?" என்று நம் தாத்தா பாட்டிமார் கேட்கக்கூடும். இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. அண்டெனா என்று பிள்ளைகள் சொல்வதும் அதைத்தான். அந்த ஏரியல் சரியாக வேலை செய்யாதபோது குற்றம் யார்மீது போடப்படுகிறது என்பதையும் சேர்த்தே பார்க்கப் போகிறோம். அதற்கு 2010-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எழுந்த ஒரு விவகாரம் நல்ல பாடம்.

முதலில் ஏரியல் என்ன செய்கிறது என்று பார்ப்போம். பழைய வானொலிப் பெட்டியில் நீட்டி மடக்கும் கம்பி ஒன்று இருக்குமே, நினைவிருக்கிறதா? பாட்டு கேட்டுக்கொண்டிருக்கும்போது அந்தக் கம்பியைக் கையால் தொட்டால் சத்தம் மாறும். சில சமயம் தெளிவாகும். பல சமயம் கரகரக்கும். காரணம், நம் உடம்பில் உப்பு கலந்த நீர் நிறைய இருக்கிறது. அதில் மின்சாரம் ஓடும். கம்பியைத் தொட்ட மாத்திரத்தில் நம் கையும் அந்த ஏரியலில் ஒரு பகுதி ஆகிவிடுகிறது. அலையில் ஒரு பங்கைக் கை விழுங்கியும் விடுகிறது.

ஏரியல் என்றால் ஏதோ ஒரு கம்பித் துண்டு போதும் என்று எண்ணிவிடக் கூடாது. எந்த அலையைப் பிடிக்க வேண்டுமோ, அதன் நீளத்துக்குப் பொருத்தமாக அது இருக்க வேண்டும். கைப்பேசிகள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வரும் 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 33 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு, அதாவது எட்டு சென்டிமீட்டர் அளவு இருந்தால் ஏரியல் நன்றாக ஒத்துழைக்கும். தொடக்கக் காலக் கைப்பேசிகளின் தலையில் கட்டை விரல்போல ஒன்று துருத்திக்கொண்டு இருந்தது இதற்காகத்தான். 1998-இல் நோக்கியா கம்பெனி 8810 என்ற மாடலில் அதை உள்ளே மறைத்து வைத்தது. மறுவருடம் வந்த 3210 அதைச் சாதாரண மக்களின் கைக்கும் கொண்டு வந்தது. அன்றிலிருந்து ஏரியலை மறந்துவிட்டோம்.

இனி அந்த விவகாரத்துக்கு வருவோம். 2010 ஜூன் 24-ஆம் தேதி ஆப்பிள் கம்பெனி ஐபோன் 4 என்ற கைப்பேசியை அமெரிக்காவிலும் வேறு சில நாடுகளிலும் விற்பனைக்கு விட்டது. முன்னும் பின்னும் கண்ணாடி; சுற்றிலும் துருப்பிடிக்காத இரும்புப் பட்டை. பார்க்க மிகவும் அழகு. அந்தப் பட்டைதான் ஏரியல்! உள்ளே வைத்தால் இடம் பிடிக்கும் என்று, வெளிச்சட்டத்தையே ஏரியலாக்கிவிட்டார்கள். பட்டையின் ஒரு துண்டு தொலைபேசிப் பேச்சுக்கு. மற்றொரு துண்டு வைஃபை, புளூடூத் போன்றவற்றுக்கு. இரண்டுக்கும் நடுவே, கீழே இடது பக்கத்தில், மெல்லிய கறுப்பு இடைவெளி ஒன்று. இடது கையில் பிடித்தால் உள்ளங்கை மிகச் சரியாக அந்த இடத்தில்தான் படியும். கை பட்டதும் இரண்டு துண்டுகளும் ஒன்றாகிவிடும். ஏரியலின் பொருத்தம் கெட்டுப்போகும். திரையில் ஐந்து கோடு காட்டிக்கொண்டிருந்தது ஒன்றொன்றாக இறங்கும். சில இடங்களில் பேச்சு அறுந்தும் போகும்.

வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? விற்பனை தொடங்கிய உடனே புகார்கள் குவிந்தன. கம்பெனியின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸுக்கே ஒருவர் எழுதிக் கேட்டார். வந்த பதிலின் சாரம் இதுதான்: அப்படிப் பிடிக்காதீர்கள். எந்தக் கைப்பேசியைப் பிடித்தாலும் கொஞ்சம் அலை குறையத்தான் செய்யும், கீழ் இடது மூலையை மூடாமல் பிடியுங்கள், அல்லது உறை ஒன்று வாங்கிப் போடுங்கள் என்று கம்பெனியும் சொன்னது.

கைப்பேசி என்று பெயர்; கையில் பிடித்தது குற்றம்! வலது கையால் எழுதுகிறவன், வலது கையில் வாளி தூக்குகிறவள், பேசும்போது கைப்பேசியை எந்தக் கையில் பிடிப்பார்கள்? பொருள் செய்தவன் நம் கை எப்படி இருக்கிறது என்று பார்த்தல்லவா செய்ய வேண்டும்.

ஜூலை 2-ஆம் தேதி இரண்டாவது பதில் வந்தது. அது ஒரு விசித்திரமான பதில். கோடுகளைக் கணக்கிடும் சூத்திரமே அடியோடு தவறாக இருப்பதைக் கண்டு திடுக்கிட்டோம், பல நேரங்களில் இருக்க வேண்டியதைவிட இரண்டு கோடு கூடுதலாகக் காட்டிவிட்டோம் என்றது கம்பெனி. அந்தத் தவறு 2007-இல் வந்த முதல் ஐபோனிலிருந்தே இருந்ததாம். சூத்திரத்தைத் திருத்திப் புதிய மென்பொருள் தருவதாகவும், முதல் மூன்று கோடுகளைக் கொஞ்சம் உயரமாக்கித் தருவதாகவும் சொன்னது. கோடு உயர்ந்தால் லைன் உயருமா என்று நாம் கேட்கத் தேவையில்லை.

ஆனால், கோட்டுக் கணக்கை நாம் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். அலையின் பலத்தை டெசிபெல் என்ற அளவால் அளக்கிறார்கள். அந்தக் கைப்பேசியில் மிக மங்கலான அலைக்கும் மிகப் பலமான அலைக்கும் இடையே 62 டெசிபெல் தூரம். அதில் மேலே உள்ள 40 டெசிபெல் முழுவதற்கும் ஐந்து கோடு காட்டினார்கள். மீதியிருந்த 22 டெசிபெல்லுக்குள் மற்ற நான்கு கோடுகளையும் அடைத்துவிட்டார்கள். ஆசிரியர் வேலையில் இருப்பதால் நமக்கு மதிப்பெண் கணக்குத்தான் உடனே தோன்றுகிறது. நூற்றுக்கு 35 வாங்கிய பிள்ளைக்கும் 'ஏ', நூறு வாங்கிய பிள்ளைக்கும் 'ஏ' என்று அறிக்கை அட்டையில் போட்டால் எப்படி இருக்கும்? 35 வாங்கிய பிள்ளையின் அப்பா அட்டையைப் பார்த்துச் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவார். அடுத்த தேர்வில் பிள்ளை தோற்றதும், "நேற்றுவரை ஏ வாங்கினானே!" என்று திகைப்பார்.

அந்தக் கைப்பேசியை வழக்கம்போல் கையில் பிடித்தால் சுமார் 20 டெசிபெல் குறைந்ததாக அளந்து பார்த்தவர்கள் சொன்னார்கள். 20 டெசிபெல் குறைவது என்றால் அலையின் பலம் நூறில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள். இப்போது கவனியுங்கள். கோபுரத்துக்கு அருகில் நகரத்தில் நிற்பவனுக்கும் 20 குறைகிறது. ஆனால் அவனிடம் இருப்பு நிறைய. குறைந்த பிறகும் ஐந்து கோடுதான். அவன் எதையும் உணர மாட்டான். கோபுரத்துக்குத் தொலைவில், மேட்டு மறைவில், ஐந்து கோட்டின் கடைசிப் படியில் நிற்பவனுக்கும் அதே 20 குறைகிறது. அவனுக்குப் பேச்சே போய்விடுகிறது. குறை இருவருக்கும் ஒன்று. அடி மட்டும் ஒருவனுக்கு.

செம்பனைக் காட்டுக்கு நடுவே, பள்ளத்தில் வரிசையாக வீடு கட்டி வாழ்கிற நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2020, 2021-ஆம் ஆண்டுகளில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, பாடம் பெறுவதற்காகக் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடிய பிள்ளைகள் நம் வகுப்பிலேயே இருந்தார்கள்.

சரி, கோடுகளைத் திருத்தியதும் விவகாரம் முடிந்ததா? இல்லை. அமெரிக்காவில் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' என்று ஒரு பயனீட்டாளர் ஏடு இருக்கிறது. 1936-இல் தோன்றிய அமைப்பு அதை நடத்துகிறது. விளம்பரம் வாங்காத ஏடு. கம்பெனி இலவசமாகத் தரும் பொருளைச் சோதிக்காமல், கடையில் காசு கொடுத்து வாங்கித்தான் சோதிப்பார்கள். நியூயார்க் வட்டாரத்தில் வெவ்வேறு கடைகளில் மூன்று ஐபோன் 4 வாங்கினார்கள். வெளி அலை எதுவும் நுழைய முடியாத அறையில் வைத்து அளந்தார்கள். கூடவே வேறு சில கைப்பேசிகளையும், ஆப்பிளின் முந்தைய மாடலையும் வைத்து ஒப்பிட்டார்கள். மற்றவற்றில் இந்தக் கோளாறு இல்லை. இது கோட்டுக் கணக்குச் சமாசாரம் அல்ல, ஏரியலின் அமைப்பிலேயே உள்ள குறை என்று ஜூலை 12-ஆம் தேதி எழுதினார்கள். மற்ற அம்சங்களில் முதலிடம் பெற்ற கைப்பேசிதான்; ஆனாலும் வாங்கும்படி சிபாரிசு செய்ய முடியாது என்று அறிவித்துவிட்டார்கள். அந்த இடைவெளியின்மேல் மின்சாரம் கடத்தாத தடித்த நாடா ஒன்றை ஒட்டினால் கோளாறு நீங்கும் என்றும் காட்டினார்கள். விலையுயர்ந்த அழகுப் பொருளுக்கு ஒட்டு நாடா வைத்தியம்!

நான்கே நாளில் மூன்றாவது பதில் வந்தது. ஜூலை 16-ஆம் தேதி ஜாப்ஸ் பத்திரிகையாளர்களைக் கூட்டினார். நாங்கள் குறையற்றவர்கள் அல்லர், கைப்பேசிகளும் குறையற்றவை அல்ல என்றார். 29 டாலருக்கு விற்ற உறையை, செப்டம்பர் 30 வரை வாங்குகிற எல்லாருக்கும் இலவசமாகத் தருவதாக அறிவித்தார். வேண்டாதவர்கள் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் பெறலாம் என்றார். இது நல்ல செயல்தான். ஆனால், அதே கூட்டத்தில் பிளாக்பெர்ரி, சாம்சுங், எச்டிசி கைப்பேசிகளையும் இறுகப் பிடித்துக் காட்டி, பாருங்கள், இவற்றிலும் கோடு இறங்குகிறது என்றார். பிளாக்பெர்ரி செய்கிற கம்பெனியின் தலைவர்கள் வெகுண்டு அறிக்கை விட்டார்கள். உன் வீட்டு வம்புக்கு எங்களை இழுக்காதே என்பது அதன் பொருள். அழகும் ஏரியலும் மோதினால் நாங்கள் ஏரியலுக்கே முதலிடம் கொடுப்போம் என்று நோக்கியா இடக்காகச் சொல்லிக்கொண்டது.

ஜாப்ஸ் இன்னொரு கணக்கும் சொன்னார். மூன்று வாரத்தில் 30 லட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறோம். ஏரியல் பற்றிக் கூப்பிட்டுப் புகார் சொன்னவர்கள் நூற்றுக்கு 0.55 பேர்தான் என்றார். திருப்பிக் கொடுத்தவர்களும் முந்தைய மாடலைவிடக் குறைவு. எண் பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால், நாம் சற்று முன் பார்த்த கணக்கோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். கோபுர நிழலில் நிற்கிறவன் புகார் செய்ய மாட்டான். ஓரத்தில் நிற்கிறவன்தான் செய்வான். ஓரத்தில் நிற்பவர்கள் எப்போதும் சிலர்தான். சிலர்தான் சொல்கிறார்கள் என்பதால் குறை சிறியதாகிவிடுமா? தோட்டத்தில் ஒரே ஒரு வீட்டுக் கூரைதான் ஒழுகுகிறது என்று நிர்வாகம் சொன்னால், அந்த வீட்டுக்காரர் நனையாமல் இருந்துவிடுவாரா?

நியாயமாக மற்றதையும் சொல்லிவிட வேண்டும். கை படாதபோது அந்த ஏரியல் முந்தைய மாடலைவிட மங்கலான அலையையும் பிடித்துப் பேச வைத்தது என்று சோதித்தவர்களில் சிலரே எழுதினார்கள். கம்பெனி உள்ளுக்குள் பாடமும் கற்றது. 2011 அக்டோபரில் வந்த ஐபோன் 4எஸ், ஓர் ஏரியல் மங்கினால் மற்றதற்குத் தானே மாறிக்கொள்ளும்படி செய்யப்பட்டிருந்தது. அதே 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' அதை வாங்கலாம் என்று சிபாரிசும் செய்தது. "பிடிப்பதில் கோளாறு" என்று தொடங்கியவர்கள் ஏரியலையே மாற்றினார்கள்! வழக்குப் போட்டவர்களோடு 2012-இல் ஒரு சமரசம் ஏற்பட்டது. அமெரிக்காவில் அதை வாங்கியிருந்தவர்களுக்கு 15 டாலர், அல்லது ஓர் உறை. தொகை சிறியதுதான்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். தவணையில் வாங்கிய கைப்பேசியில் பேச்சு அறுந்தால், கடைக்காரர் "உங்கள் தோட்டத்தில் லைன் சரியில்லை" என்பார். லைன் கம்பெனியைக் கேட்டால் "உங்கள் கைப்பேசி சரியில்லை" என்பார்கள். இரண்டில் எது உண்மை என்று நாமே ஓரளவு கண்டுபிடிக்கலாம். கோட்டை நம்ப வேண்டாம். பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அமைப்புப் பக்கத்தில், கைப்பேசி பற்றிய விவரத்தில், சிம் நிலை என்ற இடத்தில் அலையின் பலம் எண்ணாகவே தெரியும். மைனஸ் 85 என்றால் நல்லது. மைனஸ் 110 என்றால் மிக மங்கல். கைப்பேசியை மேசையில் வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வழக்கம்போல் பிடித்துக் கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடியும் குறியுங்கள். எண் தானாகவே ஏறி இறங்கும்; ஆகவே நாலைந்து முறை செய்யுங்கள். பின்னர் அதே சிம் அட்டையை அண்டை வீட்டு அக்காவின் கைப்பேசியில் போட்டு, அதே இடத்தில் பாருங்கள். இரண்டிலும் மங்கல் என்றால் லைன் குறை. ஒன்றில் மட்டும் என்றால் கைப்பேசியைச் சந்தேகிக்கலாம். தேதி, நேரம், எண் எல்லாம் ஒரு பள்ளி நோட்டில் இருக்கட்டும். வாங்கிய ரசீதும் அதே நோட்டில் இருக்கட்டும்.

லைன் குறையை அந்தக் கம்பெனியிடம் சொல்லிப் பயனில்லை என்றால், தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் புகார் செய்யலாம். கைப்பேசியே பழுது, கடைக்காரர் தட்டிக் கழிக்கிறார் என்றால், 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த நடுவர் மன்றம் இருக்கிறது. மனுவுக்குக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. நாமே நேரில் பேசலாம். மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். தாளை நிரப்பத் தயக்கமாக இருந்தால் நோட்டையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு பிள்ளையின் பள்ளிக்கு வாருங்கள். வகுப்பு முடிந்த பிறகு உட்கார்ந்து நிரப்பித் தருவதில் ஆசிரியர்களாகிய எங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை.