பல் வலியும் பி.எஃப். பணமும்



பெரம்பூர், வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்து வீடுகளில் இப்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. பல் டாக்டரிடம் போய்விட்டு வந்தவர் கையில் ஒரு சீட்டு இருக்கும். இரண்டு பல்லுக்கு ரூட் கேனால், மேலே கேப், எடுத்த பல்லுக்குப் பதில் இம்பிளான்ட் என்று கூட்டிப் போட்ட தொகை அறுபதாயிரமோ எழுபதாயிரமோ. வீட்டில் எல்லோரும் ஒரு நிமிஷம் பேசாமல் இருப்பார்கள். பிறகு யாராவது சொல்வார்கள்: "பி.எஃப்.ல கெடக்குதே, அதை எடுத்துட்டா என்ன?"

அந்தப் பணத்தைத் தொடவே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. கன்னம் வீங்கி, வாயைத் திறக்க முடியாமல், ராத்தூக்கம் இல்லாமல் ஷிப்டுக்குப் போகிறவரிடம் போய் ஓய்வுகாலத்தைப் பற்றி உபதேசம் செய்வது நியாயமில்லை. ஆனால் பல்லில் எந்த வேலைக்கு அந்தப் பணத்தை எடுக்கலாம், எந்த வேலைக்கு எடுக்கக் கூடாது என்று பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1952ஆம் ஆண்டின் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதித் திட்டத்தில் 68-ஜே என்று ஒரு பிரிவு இருக்கிறது. நோய்க்காக முன்பணம் தருவது அதுதான். அதில் சொல்லியிருப்பவை: ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆஸ்பத்திரியில் தங்குவது, பெரிய அறுவை சிகிச்சை, காசநோய், தொழுநோய், பக்கவாதம், புற்றுநோய், மனநோய், இதயநோய். ஆறு மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும், அல்லது கணக்கில் தொழிலாளியின் பங்கும் அதன் வட்டியும், இரண்டில் எது குறைவோ அதைத் தருவார்கள். இந்தப் பட்டியலில் சொத்தைப் பல் இல்லை. வாய்ப் புற்றுநோய் வந்தால் கை கொடுக்கும் விதி, அதற்கு முன்னால் வாயைக் கவனித்துக்கொள்ளக் கை கொடுக்கவில்லை. ஹான்ஸும் மாவாவுமாக மெல்லும் புகையிலை ஷிப்டுக்கு ஷிப்ட் கைமாறும் இந்தத் தொழிற்பேட்டைகளில் இது சின்னக் குறை இல்லை. விதி எழுதியவர்கள் பல்லை உடம்பின் உறுப்பாகவே எண்ணவில்லையோ என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

நடைமுறை வேறாக இருக்கிறது. 2017 முதல் டாக்டர் சான்றிதழ் கேட்பதில்லை. தொழிலாளியின் சொந்த உறுதிமொழியே போதும். செல்போனில் யு.ஏ.என். எண்ணைப் போட்டு, படிவம் 31-ஐத் திறந்து, காரணத்தில் "நோய்" என்பதைத் தொட்டு, தொகையை அடித்து, ஆதாருக்கு வரும் ஓ.டி.பி.யைப் போட்டால் முடிந்தது. தானாகவே பரிசீலித்துத் தரும் தொகையின் உச்சவரம்பு 2024இல் ஒரு லட்சமாகவும், 2025இல் ஐந்து லட்சமாகவும் உயர்ந்தது. டீ குடித்து முடிப்பதற்குள் விண்ணப்பம் போய்விடும். இந்த எளிமை நல்லதுதான். ஆனால் வீட்டில் உட்கார்ந்து பேசி எடுக்க வேண்டிய முடிவை, வலி பொறுக்காத ஒரு ராத்திரியில் ஒற்றை ஆள் எடுத்துவிடும்படியும் இது செய்திருக்கிறது.

2025 அக்டோபர் 13 அன்று வருங்கால வைப்பு நிதியின் மத்திய அறங்காவலர் குழு இன்னொரு முடிவெடுத்தது. முன்பணத்துக்கான 13 விதிகளையும் சுருக்கி மூன்றே வகையாக்குவது, காரணம் சொல்லாமலே எடுக்க ஒரு வகையை ஒதுக்குவது, முதலாளி கட்டிய பங்கையும் சேர்த்து எடுக்கவிடுவது, கணக்கில் 25 சதவீதத்தை மட்டும் எப்போதும் நிறுத்திவைப்பது என்பது அந்த முடிவு. உங்கள் கணக்குக்கு இன்று எந்த விதி பொருந்தும் என்பதை விண்ணப்பிக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். மாதந்தோறும் 27ஆம் தேதி மாவட்டந்தோறும் பி.எஃப். குறைதீர் முகாம் நடக்கிறது. அங்கே நேரிலேயே கேட்கலாம். 99660 44425 என்ற எண்ணுக்கு, பதிவு செய்த செல்போனிலிருந்து மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு எவ்வளவு என்று வரும். காண்டிராக்டில் வேலை செய்கிறவர்கள் இதை அவசியம் செய்யுங்கள். சம்பளத்தில் பிடித்த பணம் கணக்குக்குப் போகாமலே இருந்த கதைகள் இந்தப் பக்கத்தில் நிறைய.

இப்போது கணக்கு. 2024-25க்கு பி.எஃப். வட்டி 8.25 சதவீதம். நாற்பது வயதில் அறுபதாயிரம் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். அதே வட்டி தொடர்ந்தால், 58 வயதில் அந்த அறுபதாயிரம் ஏறக்குறைய இரண்டரை லட்சமாகியிருக்கும். இன்றைக்குக் கட்டும் கேப்பின் உண்மையான விலை அதுதான். 1996இல் பின்னி மில் மூடியதைப் பார்த்த வீடுகள் பெரம்பூரில் இன்னும் இருக்கின்றன. கடைசியில் கையில் நிற்கும் காசின் அருமையை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதே சமயம், மாதம் ஐந்து வட்டிக்குக் கடன் வாங்கினால் வருஷத்துக்கு 60 சதவீதம். அதற்கு பி.எஃப். ஆயிரம் மடங்கு மேல். மூன்று நான்கு மாதத்தில் திருப்பிவிட முடியுமென்றால், வங்கியில் வைக்கும் நகைக்கடன் பி.எஃப்.ஐ விட மேல். எடுத்த முன்பணத்தைக் கணக்கில் திரும்பக் கட்ட வழியில்லை. ஆனால் ஆபீஸில் எழுதிக் கொடுத்து, 12 சதவீதத்துக்கு மேல் விருப்பப் பங்காக மாதம் ஐந்நூறோ ஆயிரமோ கூடுதலாகப் பிடிக்கச் சொல்லலாம். எடுத்தவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும் என்பேன்.

ஆஸ்திரேலியாவில் இருக்கும் நம்மவர்களைக் கேட்டால் அங்கேயும் இதே பேச்சு. அங்கு மெடிகேர் என்கிற அரசு மருத்துவத் திட்டம் பெரியவர்களின் சாதாரணப் பல் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. அதனால் 'சூப்பர்' எனப்படும் ஓய்வுகாலச் சேமிப்பைக் கருணை அடிப்படையில் முன்கூட்டியே எடுத்துப் பல்லுக்குக் கட்டுவது சில வருஷங்களில் பல மடங்கு பெருகியது. சில கிளினிக்குகளே இதை விளம்பரம் செய்து ஆள் சேர்த்தன. கடைசியில் மருத்துவர்களைக் கண்காணிக்கும் அமைப்பு 2025இல் தலையிட்டு, நோயாளியின் சேமிப்பை இப்படிக் கரைக்கத் தூண்டாதீர்கள் என்று அறிவுறுத்த வேண்டியிருந்தது. நம் ஊரிலும் யாராவது பல் டாக்டர் நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டே "பி.எஃப். இருக்குதா?" என்று கேட்டால், சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள். எந்தப் பல், என்ன வேலை, என்ன செலவு என்று தனித்தனியாக எழுதி வாங்கி இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள்.

என் தீர்ப்பு இது. சீழ், வீக்கம், காய்ச்சல், தாங்காத வலி இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. பல்லில் பிடித்த சீழ் கழுத்துக்கு இறங்கினால் மூச்சே அடைத்துவிடும். மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டும் கிராம்பு வைத்துக்கொண்டும் நாளைக் கடத்துவது ஆபத்து. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஈறு நோய் இன்னும் கெடுதல். ஈறு கெட்டால் சர்க்கரை ஏறும், சர்க்கரை ஏறினால் ஈறு கெடும். இப்படிப்பட்ட அவசர சிகிச்சைக்குக் கையில் காசில்லை, வேறு வழியும் இல்லையென்றால் பி.எஃப்.ஐ எடுப்பதில் தவறில்லை. ஆனால் இம்பிளான்ட்டுக்கு வேண்டாம். பல்செட் போட்டுச் சாப்பிட முடிகிறவரை அந்தப் பணம் கணக்கிலேயே இருக்கட்டும். பல் வரிசையை அழகுபடுத்துவதற்கும் வேண்டவே வேண்டாம்.

பி.எஃப்.ஐத் திறக்கும் முன் வேறு கதவுகள் இருக்கின்றன. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு; மாதாமாதம் பிடித்தமும் போகிறது. அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி பெரம்பூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ரயில்வேக்காரர்களுக்கு அவர்களுடைய பெரம்பூர் ஆஸ்பத்திரி. எதுவும் இல்லாதவர்களுக்கு, 1953இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பெரம்பூரில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, எதிரே பூங்கா நிலையத்தில் மாறினால் அடுத்த ஸ்டேஷன் கோட்டை. மருத்துவமனை அந்த ஸ்டேஷனுக்கு எதிரிலேயே இருக்கிறது. கூட்டம் இருக்கும், ஒரே நாளில் முடியாது, பலமுறை வரச் சொல்வார்கள். அதற்காக லீவு போட வேண்டியிருப்பதுதான் தினக்கூலிக்காரருக்குப் பெரிய தடை.

ஆகவே தொழிற்சங்கத்தில் இருக்கும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1918இல் இதே பெரம்பூர் மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அந்த வழியில் வந்த நீங்கள், போனஸும் சம்பள உயர்வும் கேட்கும் மேஜையில் பல்லையும் வையுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை தொழிற்சாலை வாசலிலேயே பல் பரிசோதனை முகாம் வேண்டும் என்று கேளுங்கள். காண்டிராக்ட் தொழிலாளர்களையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். சொத்தை சின்னதாக இருக்கும்போதே அடைத்துவிட்டால் பி.எஃப். பக்கமே போக வேண்டியிருக்காது.