எதற்கு முதலிடம்?

 

நம் குடியிருப்பில் மென்பொருள் எழுதும் பிள்ளை இல்லாத வீடு அரிது. நள்ளிரவிலும் எரியும் விளக்கைக் கண்டு, “இவ்வளவு உழைத்தும் வேலை ஏன் முடியவில்லை?” என்று பெற்றோர் வருந்துகின்றனர். அத்தொழிலிலேயே இருக்கும் நாங்கள் கூறும் விடை இது: பெரும்பாலும் குறை உழைப்பில் இல்லை, எதற்கு முதலிடம் என்று தொடக்கத்திலேயே முடிவு செய்யாமையில் இருக்கிறது.

மென்பொருளின் தரம் ஒற்றைப் பண்பன்று. 1991இல் வெளிவந்த பன்னாட்டுத் தர வரையறை அதனை ஆறாகப் பகுத்தது: செயற்பாடு, நம்பகம், பயன்படுத்தும் எளிமை, சிக்கனம், பராமரிக்கும் எளிமை, இடம் மாற்றும் எளிமை. இவை உடன்பிறந்தோர் போன்றவை. எனினும் ஒரே போர்வைக்குள் உறங்குபவை. ஒருவர் இழுத்தால் மற்றவருக்குக் குறையும்.

1974இல் வைன்பெர்க், ஷுல்மன் என்னும் அறிஞர் இருவர் ஒரு சோதனையை வெளியிட்டனர். ஐந்து குழுக்களுக்கு ஒரே வேலை; குறிக்கோள் மட்டும் வெவ்வேறு. ஒரு குழுவிடம் நினைவகத்தைச் சிக்கனப்படுத்தச் சொன்னார்கள். மற்றொன்றிடம் விரைந்து முடிக்கச் சொன்னார்கள். வேறொன்றிடம் பிறர் படித்தறியத் தெளிவாக எழுதச் சொன்னார்கள். நான்கு குழுக்கள் தத்தம் குறிக்கோளில் முதலிடம் பெற்றன; எஞ்சிய குழு இரண்டாமிடம் பெற்றது. எல்லாவற்றிலும் சிறந்த குழு ஒன்றுகூட இல்லை. கேட்டது கிடைக்கிறது; கேளாதது தற்செயலுக்கு விடப்படுகிறது.

முதலிடம் தந்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து எழுந்த ஏரியான் 5 ஏவூர்தி ஏறக்குறைய நாற்பது நொடியில் சிதறியது. அதன் வழிகாட்டுக் கருவியின் மென்பொருள் ஏரியான் 4இலிருந்து எடுக்கப்பட்டது. கணிப்பொறியின் பளு எண்பது விழுக்காட்டைத் தாண்டலாகாது என்று கருதி, ஏழு எண்களில் நான்கிற்கு மட்டும் காப்பு வைத்து, மூன்றை விட்டிருந்தனர். பழைய ஊர்தியின் வேகத்திற்கு அது தகும். புதிய ஊர்தியின் வேகமோ மிகுதி. காப்பற்ற எண்ணொன்று தன் எல்லையைக் கடந்தது. மாற்றுக் கருவியிலும் அதே மென்பொருள். ஆதலின் அதுவும் அவ்வாறே வீழ்ந்தது. நான்கு ஆய்வுக் கோள்கள் அழிந்தன. ஊர்தி மாறியபோது பழைய முடிவை மீண்டும் எடைபோடாததே பிழை.

ஆகவே இளைஞர்களே, வேலை தொடங்குமுன் வேண்டுவோரிடம் கேளுங்கள்: எதை விட்டுக்கொடுக்கலாம், எதை உயிர் போயினும் காக்க வேண்டும்? விடையை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். “விரைவாக” என்று எழுதாமல் “இரண்டு நொடிக்குள்” என்று எழுதுங்கள். சூழ்நிலை மாறும்போதெல்லாம் அவ்வரிசையைத் திரும்பப் பாருங்கள். “எல்லாமே முதன்மை” என்று சொல்பவரிடம் பணிவோடு மறுத்துப் பேசுங்கள். அம்மறுப்பு சோம்பலன்று, பொறுப்பு. விளக்கும் சற்று முன்னரே அணையும்.