நம் வீட்டு நஞ்சு எவன் வாசலுக்கு?

(களுபோவிலயில் நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நம் வீடுகளில் கட்டிலின் கீழும் மாடிப்படியின் அடியிலும் தூசி படிந்து கிடக்கும் பழைய கணினிகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இதற்கும் ஒரு கூட்டமா என்று சிலர் எண்ணக்கூடும். குப்பை சிறிய சங்கதியன்று என்பதை இத்தலைநகர் உயிர்ப்பலி கொடுத்தே கற்றது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்தது. 30 பேருக்கு மேல் மாண்டனர். நகரம் முழுவதும் எறிந்தது. அடிவாரத்தில் குடியிருந்த ஏழை அல்லவா மடிந்தான்!

பழைய கணினியினுள் இருப்பதென்ன? பெட்டி போன்ற திரையின் கண்ணாடியில் ஈயம். சுற்றுப்பலகையின் பற்றாசிலும் ஈயம். முந்திய தட்டைத் திரைகள் பலவற்றின் விளக்குக் குழாயில் பாதரசம். உடையாதவரை இவை உறங்கும். சுத்தியல் பட்டால் விழிக்கும். செம்புக்காகக் கம்பியை எரித்தால், அதன் உறையிலிருந்து டயொக்சின் என்னும் கொடிய நஞ்சு எழும். ஈயமோ பச்சிளங் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுப்பது.

போத்தலும் பழைய இரும்பும் வாங்கத் தெருவில் வரும் தொழிலாளி நம் பகைவனல்லன். வயிற்றுப்பாட்டுக்காக அவன் நஞ்சைச் சுவாசிக்கட்டும் என்று விட்டுவைத்த ஏற்பாடே குற்றவாளி.

இங்கிலாந்திலிருந்து வந்திறங்கிய கழிவுக் கொள்கலன்களை நம் நாடு ஏற்க மறுத்து, 2020 முதல் திருப்பியனுப்பியது. கடைசித் தொகுதி 2022 பெப்ரவரியில் கப்பலேறியது. 1989இல் உருவான பேசல் உடன்படிக்கையின் நீதி நம் பக்கம் நின்றது. செல்வ நாட்டின் குப்பைக்கு நாம் தொட்டியல்லோம் என்றோம். சரி! நம் வீட்டுக் குப்பைக்கு அடுத்த தெரு ஏழையின் முற்றம் தொட்டியாகலாமா? வெளியே கேட்ட நீதியை வீட்டுக்குள் மறுக்கலாமா?

ஆகவே நாம் செய்யவேண்டியவை மூன்று. முதலாவது, இயங்கும் கணினியைக் குப்பையாக்காதீர்கள்; பழுது பார்த்து, தேவைப்படும் மாணவனுக்குக் கொடுங்கள். இயங்காததைப் பள்ளிக்கூடத்தின் தலையில் கட்டிவிட்டுத் தருமம் என்று பெயர் சூட்டாதீர்கள். இரண்டாவது, கோப்புகளை நீக்கிவிட்டதால் மட்டும் தகவல் அழிந்துவிடாது. வன்தட்டு முழுவதையும் மேலெழுதி அழியுங்கள், இயலாவிடில் கழற்றித் துளையிடுங்கள். மூன்றாவது, மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் உரிமம் பெற்றவர்களிடமே ஒப்படையுங்கள். உரிமத்தைக் காட்டும்படி கேட்கத் தயங்காதீர்கள்.

ஆனால் கடமை நம்முடையது மட்டுமன்று. 2022இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் தொன். அதில் கால்பங்குகூட முறைப்படி மீளெடுக்கப்பட்டதாகப் பதிவில்லை. தனிமனிதனின் நல்லெண்ணம் மட்டும் இந்த மலையைக் கரைத்துவிடாது. விற்று இலாபம் கண்டவனே பழையதைத் திரும்ப ஏற்கவேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2003இலேயே சட்டமாக்கிய நெறி இது. தெகிவளை–கல்கிசை மாநகர சபை வட்டாரந்தோறும் நாள் குறித்து இக்கழிவைச் சேகரிக்கவேண்டும். பழைய இரும்புத் தொழிலாளிக்குப் பயிற்சியும் பாதுகாப்பும் உரிமமும் அளித்து, அவனையே இப்பணியில் அமர்த்தவேண்டும்.

தோழர்களே! வீட்டைக் கூட்டிக் குப்பையை அயலான் வாசலில் தள்ளுவது துப்புரவன்று. அயலான் வாசலும் சுத்தமானாலன்றி நம் வீடு சுத்தமாகாது. இன்றிரவே மாடிப்படியின் அடியைப் பாருங்கள்.