பழைய படகும் பழுதுச் சீட்டும்

ஒரு பொருளை விலைக்கு வாங்குவது வேறு. பழுது பார்க்கக் கொடுப்பது வேறு. வாங்கும்போது பொருள் நம் கண்முன் இருக்கின்றது. தட்டிப் பார்க்கலாம், தூக்கிப் பார்க்கலாம், பிடிக்கவில்லையெனில் அடுத்த கடைக்குப் போகலாம். பழுதுக்குக் கொடுக்கும்போதோ பொருள் நம்முடையது. அதன் குறை மட்டும் பிறர் கண்ணுக்கே தெரிகின்றது. நாம் காணாத குறைக்கு, நாம் அறியாத வேலைக்கு, மற்றொருவர் சொல்லும் தொகையை ஒப்புக்கொள்ள வேண்டியவராகின்றோம். தண்ணீர் இறைக்கும் மோட்டாரிலும் இச்சங்கடம் உண்டு. ஆயினும் பழைய மீன்பிடி விசைப்படகில் இது பன்மடங்காகின்றது. ஏனெனில், அங்கே குறை இருக்குமிடம் இரும்புப் பெட்டிக்குள்ளே, அல்லது தண்ணீருக்குக் கீழே.

மைய அரசின் அலுவலகம் ஒன்றில் ஆங்கிலத் தாள்களை மொழிபெயர்ப்பது நம் தொழில். அதன் நிமித்தம் சில ஆண்டுகள் கொச்சியில் வாழ்ந்தோம். குளச்சல் பக்கத்திலிருந்து வந்து அங்கே குடியேறிய முதியவர் ஒருவர் நமக்கு நண்பரானார். அண்ணாச்சி என்றே அவரை அழைப்போம். அவருக்குச் சொந்தமாக ஓர் இழுவலைப் படகு இருந்தது. மரத்தாலானது, பதினெட்டு ஆண்டுகள் உழைத்தது. அதை நம்பி ஏழு குடும்பங்கள் இருந்தன. ஜூன் மாதத்து மழை இரவொன்றில் அவர் ஆங்கிலத்தில் தட்டச்சிட்ட ஒரு தாளுடன் நம் வீட்டுக்கு வந்தார்.

"இதிலே என்ன எழுதியிருக்குதுன்னு சொல்லுங்க சார். தொகை எனக்குத் தெரியும். 2,85,000 ரூபாய். மத்தது ஒண்ணும் தெரியாது" என்றார்.

கேரளத்தில் இழுவலைப் படகுகளுக்கு ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 நள்ளிரவு வரை 52 நாட்கள் தடைக்காலம். மீன்கள் இனம் பெருக்கும் அந்நாட்களிலேதான் படகுகளெல்லாம் பழுதுக்குக் கரையேறும். பட்டறைகளில் இடம் கிடைப்பதே அரிது. ஆகஸ்டு முதல் நாள் கடலுக்குப் போகாத படகு, பருவத்தின் முதல் மீனையும் நல்ல விலையையும் இழந்துவிடும். ஆகவே, அண்ணாச்சிக்குப் பேரம் பேசவும் நேரமில்லை. பட்டறை மாற்றவும் துணிவில்லை. மனைவியின் நகைகளை அடகு வைக்கும் எண்ணத்துடனேயே அவர் வந்திருந்தார்.

இந்த நிலை எப்படி வந்தது என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். துடுப்பும் பாயும் இருந்த காலத்தில் படகை இயக்கும் கருவி மீனவரின் கையிலேயே இருந்தது. துடுப்பு முறிந்தால் முறிந்த இடம் தெரியும். 1952-ஆம் ஆண்டில் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் ஆகிய மூன்றும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி 1953-இல் கொல்லத்திற்கு அருகே நீண்டகரையில் மீன்பிடிப் படகுகளுக்கு இயந்திரம் பொருத்தும் பணி தொடங்கிற்று. அதன்பின் மேற்குக் கரையின் தொழிலே மாறியது. வருவாய் பெருகியது, தொலைவு குறைந்தது. ஆனால் படகை இயக்கும் பகுதி உரிமையாளரின் கண்ணைவிட்டு மறைந்தும் போயிற்று.

அப்பகுதியின் அமைப்பு கடினமானதன்று. டீசல் இயந்திரம் நிமிடத்திற்கு 1800 சுற்றுச் சுற்றுகின்றது எனக் கொள்வோம். அவ்வளவு வேகத்தில் பெரிய விசிறி தண்ணீருக்குள் பயன்படாது. ஆகவே கியர் பெட்டி அதை மூன்றில் ஒரு பங்காக, 600 சுற்றாகக் குறைத்துத் தருகின்றது. முன்னும் பின்னும் திருப்பவும் உதவுகின்றது. அங்கிருந்து பட்டறைக்காரர் ஷாஃப்ட் எனக் கூறும் நீண்ட தண்டு புறப்பட்டுப் படகின் பின்புறத்தைத் துளைத்து வெளியேறுகின்றது. துளை வழியே கடல் உள்ளே வாராமல் கிளாண்டு என்னும் கழுத்தில் மெழுகுக் கயிறு சுற்றி இறுக்கியிருப்பார்கள். வெளியே தண்டைத் தாங்குவது ரப்பர் பதித்த பேரிங்கு. கடல்நீரே அதற்கு எண்ணெய். கடைசியில் விசிறி. இவற்றுள் ஒன்று கெட்டால் அடுத்ததும் கெடும். பழுதுச் சீட்டு நீளுவதற்கும் இதுவே காரணம். ஏமாற்றுவதற்கு வழி பிறப்பதும் இதனாலேயே.

அண்ணாச்சியின் படகில் மூன்று குறிகள் தோன்றியிருந்தன. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் படகே நடுங்கியது. கிளாண்டில் தண்ணீர் தாரையாக ஒழுகியது. கியர் பெட்டியின் எண்ணெய் பால் கலந்த காப்பியின் நிறத்திற்கு வந்திருந்தது.

சீட்டில் ஆறு வரிகள் இருந்தன. படகைக் கரையேற்றி இறக்க 30,000. கியர் பெட்டி முழுச் சீரமைப்புக்கு 1,10,000. புதிய தண்டுக்கு 60,000. பேரிங்குக்கும் கிளாண்டுக்கும் 25,000. இயந்திரத்தையும் தண்டையும் ஒரே கோட்டில் நிறுத்த 15,000. இதர செலவினங்களுக்கு 45,000.

நாம் கலைப் பட்டம் பெற்றவர், இயந்திரம் அறியோம். ஆனால் சொற்களை அறிவோம். இருபது ஆண்டுக் காலம் அரசாங்கத் தாள்களுடன் பழகியதில், எந்தச் சொல் ஒரு பொருளைச் சுட்டுகின்றது, எந்தச் சொல் பொருளை மறைக்கின்றது என்பது ஓரளவு தெரியும். அண்ணாச்சிக்காக வரிவரியாக மொழிபெயர்க்கத் தொடங்கியபோது இரண்டு இடங்களில் பேனா நின்றுவிட்டது. 'முழுச் சீரமைப்பு' என்றால் எவ்வெவற்றை மாற்றுவது? 'இதர செலவினம்' என்றால் எது? இவற்றைத் தமிழில் எழுதலாம். ஆனால் எழுதியபின்னும் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. மூன்றாவதாக, தண்டு முழுவதும் புதிதாக வேண்டுமா என்ற ஐயமும் நமக்கு எழுந்தது. பளபளப்பான நல்ல இரும்பாயிற்றே, கடைசல் பட்டறையில் கொடுத்துச் சரி செய்தால் போதாதா என்று நினைத்தோம்.

மறுநாள் இருவருமாகப் பட்டறைக்குச் சென்றோம். மேஸ்திரி கடுமையாகப் பேசுவார் என எதிர்பார்த்தோம். அவர் நாற்காலி எடுத்துப் போட்டார். "பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டீர்களா?" என்று கேட்டோம். இல்லை என்றார். திறவாமல் எழுதியதால், உள்ளே எல்லாம் கெட்டிருக்கும் எனக் கொண்டு எழுதியிருந்தார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. குறைத்து எழுதிவிட்டுப் பின்பு கூடுதலாகக் கேட்டால் சண்டை வரும். ஆகவே முதலிலேயே கூட்டி எழுதுவது பட்டறை வழக்கம். திறந்து பார்க்கும் கூலியைத் தனியாகக் கொடுத்துவிடுகின்றோம், வேலையை வேறெங்கு செய்தாலும் அது உங்களுடையது என்றோம். அதன்பின் அவர் பேச்சில் ஒரு தயக்கம் நீங்கியதைக் கண்டோம்.

பெட்டியைத் திறந்தபோது பல்சக்கரங்கள் நன்றாக இருந்தன. அடியில் சாம்பல் நிறச் சேறு படிந்திருந்தது. அது தேய்மானத்தின் இயல்பு. உடைந்த இரும்புத் துணுக்குகள் கிடந்தால் மட்டுமே அச்சப்பட வேண்டும் என்று மேஸ்திரியே காட்டினார். கிளச்சுத் தகடுகளும் எண்ணெய்க் காப்பு வளையங்களும் தேய்ந்திருந்தன. அப்படியானால் எண்ணெயில் நீர் எப்படி வந்தது? கியர் எண்ணெயைக் கடல்நீரால் குளிர்விக்கும் குழாய்க்கலம் ஒன்று பக்கத்தில் உண்டு. அதில் காற்றழுத்தம் கொடுத்துத் தண்ணீரில் அமிழ்த்தியபோது குமிழிகள் வந்தன. உள்குழாய் அரித்துப் போயிருந்தது. இந்தக் கலம் சீட்டில் இல்லவே இல்லை! 1,10,000 செலவிட்டுப் பெட்டியைப் புதுப்பித்திருந்தாலும், சில வாரங்களில் மறுபடியும் அதே காப்பி நிற எண்ணெய் வந்திருக்கும். தொகை மிகுதி என்று அஞ்சிய சீட்டு, வேண்டிய இடத்தில் குறைவாக இருந்தது.

தண்டைப் பற்றி நாம் கொண்ட ஐயமோ தவறாயிற்று. மேஸ்திரி அதைக் கழற்றி நம் கையைப் பிடித்து, கிளாண்டு அழுத்திய இடத்தில் நகத்தை வைத்துத் தேய்க்கச் சொன்னார். நகம் பள்ளத்தில் சிக்கி நின்றது. கடைசல் இயந்திரத்தில் ஏற்றிச் சுழற்றியபோது வளைவும் தெரிந்தது. அந்தப் பள்ளம் மறையக் கடைந்தால் தண்டு மெலியும். மெலிந்த தண்டு நடுக்கடலில் முறியும். 60,000 நியாயமே எனத் தலையசைத்தோம். கொஞ்சம் வெட்கமும் அடைந்தோம்.

இதற்கிடையே வேறொரு பட்டறையில் 1,60,000-க்கு முடித்துத் தருவதாக வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள். அண்ணாச்சியின் மனம் அங்கே சாய்ந்தது. விசாரித்தால், அதில் புதிய தண்டு இல்லை, குழாய்க்கலம் இல்லை, படகைத் தண்ணீரில் இறக்கியபின் கோடு பார்ப்பதும் இல்லை. இந்தக் கடைசிக் குறை பெரிய குறை. மரப்படகு கரையில் கட்டைமேல் இருக்கும்போது ஒரு வடிவம். நீரில் மிதக்கும்போது சற்றே வேறு வடிவம். கரையில் சரியாக இருந்த கோடு நீரில் பிசகும். ஆகையால் படகை இறக்கி, ஒரு நாளாவது மிதக்க விட்டு, கியர் பெட்டியும் தண்டும் சேரும் இரு வட்டத் தகடுகளுக்கிடையே மெல்லிய எஃகு இதழ்களைச் செருகிச் சுற்றிலும் இடைவெளி அளக்க வேண்டும். ஓரத்திற்கு ஓரம் ஏறத்தாழ மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேறுபாடு இருத்தலாகாது. இதைச் செய்யாவிடில் நடுக்கம் தீராது. புதிய பேரிங்கும் விரைவில் தேயும். ஒரே வேலைக்கான இரு தொகைகளையே ஒப்பிடலாம். வேறுவேறு வேலைகளுக்கான தொகைகளை ஒப்பிட்டு ஒன்றை மலிவென்பது கணக்காகாது.

இன்னொன்றையும் மேஸ்திரியிடம் கேட்டறிந்தோம். பழைய கியர் பெட்டிக்கு உதிரி உறுப்புகள் இன்றும் கிடைக்கின்றனவா? கிடைக்கவில்லையெனில், சீரமைப்பதைவிட வேறு பெட்டி வாங்குவதே நன்று. படகின் உடல் இன்னும் சில ஆண்டுகள் தாங்குமா? அடிப்பலகைகளைக் கொட்டாப்புளியால் தட்டிப் பார்த்தார். ஓரிடத்தில் மட்டும் ஓசை மந்தமாக இருந்தது. அந்தப் பலகை ஒன்றை மாற்றினால் போதும் என்றார். உளுத்த உடலுக்குள் புதிய தண்டு வைப்பது, இடியும் வீட்டுக்குத் தேக்குக் கதவு இடுவதற்கு ஒப்பாகும்.

இறுதியில் சீட்டு மறுபடி எழுதப்பட்டது. கியர் பெட்டிக்குத் தகடுகளும் வளையங்களும் கூலியும் சேர்த்து 65,000. குழாய்க்கலத்துக்கு 18,000 புதிதாகச் சேர்ந்தது. 'இதர செலவினம்' போய், கிளாண்டுக் கயிறு, எண்ணெய், துத்தநாகக் கட்டிகள், மரையாணிகள் எனப் பெயர் பெற்று 14,000 ஆயிற்று. மற்ற நான்கு வரிகளும் மாறவில்லை. மொத்தம் 2,27,000, வரி உட்பட. பலகைக்கான கூலி தச்சரோடு தனிக் கணக்கு. உறுப்புகள் வாங்க முன்பணம். மீதி, கடலில் ஓட்டிப் பார்த்தபின். கழற்றிய பழைய உறுப்புகள் யாவும் உரிமையாளருக்கே.

நகைகளில் ஒரு பகுதி அடகுக்குப் போகத்தான் செய்தது. அதை மறைப்பதற்கில்லை. ஆயினும் எதற்காகப் போகின்றது என்பது அண்ணாச்சிக்கும் அவர் மனைவிக்கும் தெரிந்திருந்தது.

நேயர்கள் விசைப்படகு வைத்திராமல் இருக்கலாம். ஆனால் பழுதுச் சீட்டு என்றேனும் ஒரு நாள் கைக்கு வரும். வந்தால், அடியில் உள்ள தொகையை முதலில் பாராதீர்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே, இந்தக் குறையைக் கண்டவர் யார், எப்படிக் கண்டார் எனக் கேளுங்கள். காணாமல் எழுதிய வரியெனில், காண்பதற்குரிய கூலியைக் கொடுத்துக் காணச் செய்யுங்கள். பெயரில்லாத செலவுக்குப் பெயர் கேளுங்கள். கெட்டதை மாற்றுவதோடு நில்லாது, கெடுத்தது எது என்றும் கேளுங்கள். கைவினைஞர் காட்டும் சான்று நம் ஐயத்தைப் பொய்யாக்கினால், ஒப்புக்கொண்டு பணம் கொடுங்கள். மலிவு என்பது வேறு, நியாயம் என்பது வேறு.

ஜூலை மாதக் கடைசியில் படகு நீரில் இறங்கியது. மிதந்தபின் கோடு சற்றே பிசகியிருந்தது. மேஸ்திரி அரை நாள் படுத்துக் கிடந்து சரி செய்தார். பின்பு இயந்திரத்தை ஓட்டிவிட்டு, கிளாண்டின் அருகே விளக்கைப் பிடித்தார். ஒரு துளி விழுந்தது. சிறிது நேரம் கழித்து மற்றொரு துளி. ஒழுகுகின்றதே என்று நாம் பதறினோம். "அது விழணும் சார். அந்தத் தண்ணிதானே ஷாஃப்டைச் சூடேறாம காக்குது" என்று அண்ணாச்சி நமக்கு விளக்கம் சொன்னார். ஆகஸ்டு முதல் நாள் விடியுமுன் அவர் படகு மற்றப் படகுகளோடு அழிமுகம் கடந்து சென்றது.