வீடா, சானடோரியமா: ஒரு மருத்துவச் சோதனையை எடைபோடுதல்

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளை மதிப்பிடப் பழகும் மாணவர் கையில் முதலில் தரப்படுவது ஒரு கேள்விப் பட்டியல். நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் பிரித்தார்களா? அடுத்து வருபவர் எந்தக் குழுவுக்குப் போவார் என்பது அவரைச் சேர்க்கும் மருத்துவருக்குத் தெரியாமல் இருந்ததா? யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை முடிவை அளந்தவர் அறிந்திருந்தாரா? இடையில் விலகியவர்கள் எத்தனை பேர்? பட்டியல் நல்லதுதான். ஆனால் ஆம், இல்லை என்று குறித்து மதிப்பெண்ணைக் கூட்டியதும் மதிப்பீடு முடிந்துவிட்டதாக நினைக்கும் பழக்கத்தை நான் ஏற்கவில்லை. குறை உண்டா என்பது பாதிக் கேள்வி. அந்தக் குறை முடிவை எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் சாய்த்திருக்கும் என்பதே மீதி. அதைக் கேட்காதவர் சோதனையைப் படித்தவர் ஆகமாட்டார்.

சென்னையிலேயே நடந்த ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம். 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை அரசும், உலக சுகாதார நிறுவனத்தோடும் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடும் சேர்ந்து இங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் அதன் தொடக்கக்கால வழிகாட்டி. காசநோய் மருந்துகளான ஐசோனியாசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும் அப்போது கைக்கு வந்துவிட்டன. காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் சானடோரியங்களின் படுக்கைகளோ நோயாளிகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரைச் சமவாய்ப்பில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்குச் சானடோரியத்திலும் அதே மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். 1959-இல் வெளியான முடிவின்படி, ஆண்டிறுதியில் நோய் அடங்கியிருந்தவர்கள் வீட்டில் 86 விழுக்காடு, சானடோரியத்தில் 92 விழுக்காடு. வீட்டில் இருந்தவர்களின் உணவு மிகவும் மட்டம், ஓய்வும் குறைவு. அப்படியிருந்தும் இவ்வளவு நெருக்கம்.

பட்டியலைக் கையில் வைத்திருப்பவர் உடனே ஒரு குறையைச் சுட்டுவார்: தாம் வீட்டில் இருக்கிறோமா சானடோரியத்தில் இருக்கிறோமா என்பதை நோயாளியிடம் எப்படி மறைப்பது? மறைக்க முடியாதுதான். ஆனால் முடிவைத் தீர்மானித்ததில் முதன்மையானது, கிருமி வளர்கிறதா என்று ஆய்வகத்தில் செய்த சளிச் சோதனை. நோயாளியின் மனநிலைக்கு அது வளைந்து கொடுக்காது. அன்றைய மருத்துவர்களின் எதிர்பார்ப்போ பெரும்பாலும் சானடோரியத்தின் பக்கம். பார்ப்பவரின் சாய்வு உள்ளே நுழைந்திருந்தாலும் சானடோரியத்துக்குத்தான் கூடுதல் மதிப்பெண் கிடைத்திருக்கும். ஆக இந்தக் குறை, சோதனை சொல்ல வந்ததற்கு எதிர்த்திசையில் இழுக்கிறது. 1948-இல் வெளியான, காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசினைச் சோதித்த பிரிட்டனின் சோதனையிலும் இதே நிலை. அங்கே புள்ளியியலாளர் பிராட்ஃபோர்டு ஹில், யாருக்கு எந்தக் குழு என்ற ஒதுக்கீட்டை ஒட்டிய உறைகளில் மறைத்தார். ஆனால் கட்டுப்பாட்டுக் குழுவுக்குப் போலி ஊசி எதுவும் போடவில்லை. எக்ஸ்ரே படங்களை, யார் எந்தக் குழு என்று அறியாதவர்கள் படித்தார்கள். ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்தார்கள். போலி ஊசி இல்லாத குறை இந்த இறப்புக் கணக்கை எங்கே மாற்றிவிடும்?

சென்னைச் சோதனையில் என்னை உறுத்துபவை வேறு இரண்டு. முதலாவது எண்ணிக்கை. குழுவுக்கு நூறு பேர்கூட இல்லாதபோது 86-க்கும் 92-க்கும் இடையிலுள்ள வேறுபாடு தற்செயலாக இருக்கலாம். அதே கணக்கின்படி உண்மையான வேறுபாடு சானடோரியத்துக்குச் சாதகமாகச் சுமார் 15 புள்ளி வரையும் இருந்திருக்கலாம். வேறுபாடு நிறுவப்படவில்லை என்பதை இரண்டும் சமம் என்று வாசிப்பது, நம் மருத்துவ இதழ்களில் இன்றும் தாராளமாக நடக்கும் பிழை. எவ்வளவு இழப்பைப் பொறுத்துக்கொள்வோம் என்று முன்கூட்டியே சொல்லாமல் சமம் என்று சொல்ல வழியில்லை. இரண்டாவது, வீட்டுக் குழு பெற்ற கவனிப்பு. மையத்தின் ஊழியர்கள் வீடு தேடிப் போனார்கள், மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். இந்தக் குறை சோதனையின் முடிவு போகும் திசையிலேயே தள்ளுகிறது. அதனால் இதற்குத்தான் எடை அதிகம்.

திசையைப் பார் என்றால் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த திசையைப் பார்ப்பார்களே, அதைத் தடுக்கத்தானே பட்டியல் என்று கேட்கலாம். நியாயமான அச்சம். முடிவு அட்டவணையைப் பார்ப்பதற்கு முன்பே, செய்முறைப் பகுதியை மட்டும் படித்து, சாய்வு எந்தப் பக்கம் என்று எழுதி வைத்துவிட்டால் அந்த அச்சம் பெருமளவு நீங்கும். ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்துவிட்டால் இந்த ஆராய்ச்சியெல்லாம் எதற்கு என்பவர்களும் உண்டு. எண்ணிக்கை தற்செயலைக் குறைக்கும், சாய்வைத் தொடாது. தற்செயல்கூட முழுதும் விலகுவதில்லை. 1988-இல் வெளியான ஐசிஸ்-2 சோதனையில் மாரடைப்பு நோயாளிகள் 17,187 பேர். ஆஸ்பிரின் உயிர் காக்கிறது என்று ஐயமின்றிக் காட்டிய அந்தச் சோதனையிலேயே, நோயாளிகளை ராசிவாரியாகப் பிரித்தபோது மிதுனத்துக்கும் துலாத்துக்கும் ஆஸ்பிரின் பலன் தரவில்லை! உட்பிரிவுகளை நம்புவோருக்கு எச்சரிக்கையாக ஆய்வாளர்களே வேண்டுமென்று செய்துகாட்டிய கணக்கு அது. (நம்மூரில் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதவர்களும் இருப்பார்கள்.)

அப்படியானால் சென்னைச் சோதனையை நம்பலாமா? நம்பலாம், அது கேட்ட கேள்விக்கு. வீட்டிலிருந்த நோயாளிகளின் குடும்பத்தாருக்குக் காசநோய் கூடுதலாக வரவில்லை என்பதையும் தொடர்ந்து கவனித்துக் காட்டினார்கள். படுக்கைக்குக் காத்திருப்பவருக்கு எதுவுமே கிடைக்காது என்ற நிலையில் 86 விழுக்காடு சிறிய எண் அல்ல. ஆனால் சோதனை நிறுவியது கண்காணிப்போடு கூடிய வீட்டுச் சிகிச்சையை. மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடும் சிகிச்சையைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. ஊழியர் ஒருவரின் கண்ணெதிரே மருந்து விழுங்கவைக்கும் முறையை 1960-களில் அதே மையம் தனியாகச் சோதிக்க வேண்டியிருந்தது.