திரைப்படங்கள் கற்பிக்கும் பாடம்

(வெள்ளிவிழாவில் ஆற்றிய உரை)



திரைப்படம் மாணவர்களைக் கெடுக்கும் என்போர் உளர். ஆயினும் நல்ல நூலைப் போலவே நல்ல படமும் கற்கத்தக்கது என்பது என் கருத்து. சான்றாக மூன்று படங்களின் கதைகளைக் கூற விழைகின்றேன்.

முதலாவது, இத்தாலிய இயக்குநர் விட்டோரியோ டி சிகா 1948-இல் எடுத்த 'சைக்கிள் திருடர்கள்'. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ரோம் நகரம். வேலையின்றி வாடிய அந்தோனியோவுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கின்றது. சைக்கிள் இருந்தால்தான் அவ்வேலை. அதுவோ அடகில் இருக்கின்றது. மனைவி மரியா படுக்கை விரிப்புகளை அடகு வைத்து அதை மீட்கின்றாள். முதல் நாளே சைக்கிள் களவு போகின்றது. சிறுவன் புரூனோவுடன் நகரெங்கும் தேடியும் பயனில்லை. மனமுடைந்த தந்தை முடிவில் வேறொருவர் சைக்கிளைத் திருட முயன்று பிடிபடுகின்றான். மகன் கண்ணெதிரே அடிபடுகின்றான். அழும் சிறுவனைக் கண்டு சைக்கிளுக்கு உரியவர் மன்னித்து விடுகின்றார். கூனிக் குறுகி நடக்கும் தந்தையின் கையை மகன் பற்றிக்கொள்கின்றான்.

இப்படத்தை 1950-இல் இலண்டனில் கண்டு உந்துதல் பெற்ற சத்யஜித் ரே, 1955-இல் 'பதேர் பாஞ்சாலி'யைப் படைத்தார். அவரே பிரேம்சந்தின் சிறுகதையைத் தழுவித் தூர்தர்ஷனுக்காக 1981-இல் 'சத்கதி'யை எடுத்தார். தோல் தொழில் செய்யும் சாதியிற் பிறந்த துக்கி, மகளின் திருமண நிச்சயத்திற்கு நாள் குறித்துத் தருமாறு புரோகிதரை வேண்டுகின்றான். காய்ச்சலிலிருந்து எழுந்தவன், உணவும் உண்ணாதவன். அவனைப் பெரிய மரக்கட்டையொன்றைப் பிளக்குமாறு ஏவுகின்றார் அவர். கூலியில்லை, சோறில்லை. கோடரியோடு போராடி அங்கேயே உயிர் துறக்கின்றான். தொட்டால் தீட்டாயிற்றே! புரோகிதர் பிணத்தின் காலில் கயிற்றைப் பிணைத்து இழுத்துச் சென்று, செத்த மாடுகள் கிடக்குமிடத்தில் விடுகின்றார். பின்னர் நீர் தெளித்து இடத்தைத் தூய்மை செய்கின்றார்.

அந்தோனியோவும் ஏழை, துக்கியும் ஏழை. திருடிப் பிடிபட்ட ரோம் நகரத்து ஏழையை உரியவர் மனிதனாகக் கண்டார். குற்றமேதும் செய்யாத துக்கியின் உடலைத் தொடப் புரோகிதரின் கை நீளவில்லை. வறுமை நீங்கினால் சாதி தானே நீங்கும் என்போர் இவ்விரு படங்களையும் அடுத்தடுத்துக் காணல் வேண்டும்.

மூன்றாவது, நாகராஜ் மஞ்சுளே தம் இளமைப் பட்டறிவினின்று மராத்தியில் 2013-இல் படைத்த 'ஃபண்ட்ரி'. பள்ளி மாணவன் ஜப்யாவின் குடும்பம் ஊராரின் ஏவலால் பன்றி பிடிக்கின்றது. உடன் பயில்வோர் எள்ளி நகைக்கின்றனர். பிடித்த பன்றியைச் சுமந்து செல்லும் வழியில், பள்ளிச் சுவரில் அண்ணல் அம்பேத்கரும் சாவித்திரிபாய் பூலேயும் ஓவியமாய் நிற்கின்றனர். இறுதியில் ஜப்யா எறியும் கல், பார்க்கும் நம்மை நோக்கியே வருகின்றது.

முன்னிரு படங்களும் பரிவினால் பிறந்தவை, போற்றத்தக்கவை. மூன்றாவதோ, இழிவைத் தாமே பட்டவர் எடுத்தது. ஜப்யாவின் கையில் இருந்தது கல். அவனைப் படைத்தவர் கையில் இருந்தவை எழுதுகோலும் படக்கருவியும். அவற்றை நம் பிள்ளைகளின் கையில் தருவதே கல்வியின் பணி.

எனவே, இச்சங்கம் ஆண்டுக்கு நான்கு நல்ல படங்களையேனும் மாணவர்க்குத் திரையிட்டு, கண்டதைப் பற்றி அவர்களைத் தம் சொற்களில் எழுதச் செய்யுமாறு வேண்டுகின்றேன்.