அமீபாவின் கால்கள்

(அச்சங்குளத்தில் பேசியதன் சாரம்)



நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம் கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு ஜந்துவைப் பற்றியதாகும். விருதுநகர், சிவகாசிப் பக்கத்தில் கண்மாயோ ஊருணியோ இல்லாத ஊர் அபூர்வம். அப்படிப்பட்ட நீர்நிலைகளின் வண்டலிலும், அழுகும் இலைகளின் அடியிலும் அமீபா என்பது வாழும். அதன் உடல் முழுவதும் ஒரே ஒரு செல்தான். அதற்குக் கால் இல்லை, வாய் இல்லை, வயிறு இல்லை. தலையெழுத்து என்று சொல்லுவதற்குக்கூட அதற்குத் தலை என்பதே கிடையாது. ஆயினும் அது நடக்கிறது, தின்கிறது, பெருகுகிறது. எப்படி?

வேண்டும்போது அது காலை உண்டாக்கிக் கொள்ளுகிறது. இதற்குப் போலிக்கால் என்று பெயர். அமீபாவின் உடலில் வெளிப்பாகம் கூழ்போல் கெட்டியாகவும், உட்பாகம் இளகியும் இருக்கிறது. உள்ளிருக்கும் இளகிய பொருள் முன்பக்கம் ஓடிப் பிதுங்கி அங்கே இறுகுகிறது. பின்பக்கத்தில் இறுகியிருந்தது இளகி முன்னே ஓடுகிறது. கருப்பட்டிப் பாகு இறுகுவதும் மறுபடி இளகுவதும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக்டின் என்னும் புரத இழைகள் கூடுவதும் பிரிவதுமே இதற்குப் பெரிதும் காரணமாகும். வேலை முடிந்ததும் அந்தக் கால் உடலோடு கரைந்துவிடுகிறது.

இரை கிட்டினால் இரண்டு பக்கமும் போலிக்காலை நீட்டி, அணைத்து, உள்ளே மூடிக்கொள்ளுகிறது. மூடிய இடமே வயிறு. அங்கேயே சீரணம் நடக்கிறது. மிஞ்சிய சக்கையை வெளியே விட்டுவிட்டு நகர்ந்து போகிறது. மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்று அது உட்கார்ந்திருப்பதில்லை.

சரி, இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். இதன் இனத்தைச் சேர்ந்த ஒன்று நம் குடலிலேயே குடியேறுகிறது. ருஷிய வைத்தியர் லோஷ் என்பவர் சீதபேதி கண்ட ஒருவருடைய மலத்தில் அதைக் கண்டு, 1875-ம் வருஷத்தில் வெளியிட்டார். அதே போலிக்காலால் அது குடற்சுவரைக் குடைந்து, நம் ரத்த அணுக்களை விழுங்குகிறது. எல்லாச் சீதபேதிக்கும் இதுவே காரணமல்ல, பாக்டீரியாக்களாலும் வரும். ஆனால் எதுவானாலும் தெய்வக் குற்றத்தால் வருவதல்ல. மலம் கலந்த தண்ணீராலும், கழுவாத கையாலும், ஈ மொய்த்த பண்டத்தாலும் வருவதாகும். இந்த அமீபா உறை போட்டுக்கொண்டு தண்ணீரில் பல நாள் உயிரோடிருக்கும். சாதாரணமாகக் குடிதண்ணீரில் போடும் குளோரினுக்குக்கூட அது சாவதில்லை, கொதிக்க வைத்தால் செத்துப்போகும். தினக்கூலிக்குப் போகிறவனுக்கு நாலு நாள் பேதி என்றால் நாலு நாள் அடுப்பு எரியாது. அந்த நிலையில் மந்திரித்துக் கயிறு கட்டுவதற்குக் கொடுக்கும் காசை விறகுக்கும் வைத்தியருக்கும் கொடுப்பதல்லவா புத்திசாலித்தனம்?

இன்னொரு அதிசயத்தையும் கேளுங்கள். 1882-ல் மெச்னிக்காப் என்ற அறிஞர் இத்தாலி தேசத்து மெஸ்ஸினாவில் நட்சத்திரமீன் குஞ்சு ஒன்றின் உடம்பில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால், நகரும் செல்கள் அந்த முள்ளைச் சூழ்ந்து நின்றன! நம் ரத்தத்திலுள்ள வெள்ளணுக்களும் அப்படியே போலிக்கால் நீட்டிப் போய் நோய்க்கிருமிகளை விழுங்குகின்றன. இந்த ஆராய்ச்சிக்காக 1908-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

எனவே, கொல்ல வருகிற அமீபாவுக்கும் காக்க வருகிற வெள்ளணுவுக்கும் கால் ஒன்றே. ஒன்றை எமன் என்பதும் மற்றொன்றைக் குலதெய்வம் என்பதும் அறியாமையேயாகும். அன்றியும், இந்த வெள்ளணு மேல்ஜாதிக்காரன் உடம்பில் ஒரு விதமாகவும் கீழ்ஜாதி என்று ஒதுக்கப்பட்டவன் உடம்பில் வேறு விதமாகவும் நடப்பதில்லை. கிணற்றிலும் குழாயிலும் ஜாதி பார்ப்பவர்கள் இதைச் சற்று யோசித்துப் பார்க்கட்டும்.

ஆகவே தோழர்களே! நாம் சொன்னோம் என்பதற்காக இதை நம்பிவிடாதீர்கள். பள்ளிக்கூடத்தில் பூதக்கண்ணாடி யந்திரம் இருந்தால், ஒரு சொட்டு வண்டல் நீரை வைத்து உங்கள் பிள்ளைகளோடு நீங்களே பாருங்கள். பார்த்தபின், குடிக்கும் தண்ணீரைக் காய்ச்சுங்கள். கண்மாய்க்கரையில் மலங்கழிப்பதை விடுங்கள். கக்கூசும் நல்ல தண்ணீரும் வேண்டுமென்று பஞ்சாயத்தைக் கேளுங்கள். இதைக் கேட்டுக்கொண்டு இம்மட்டில் நிறுத்திக்கொள்ளுகிறோம்.